வேம்பின் கொழுந்தில் தேயிலைக் கொசு

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் வட மாவட்டங்களின் வேப்பமரங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. கிளைகளின் நுனி தலைசாய்கிறது. இலைகள் பழுத்து உதிர்வதில்லை. காம்பில் தொங்கியபடியே காய்ந்து பழுப்பாகின்றன. சில வாரங்களில் மரத்தின் மேல்பாதி தீயில் வாட்டியதுபோல் ஆகிவிடுகிறது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிற கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் விளையும் இந்த மண்ணில் ஏரிக்கரை, வரப்பு, கிணற்றடி, அம்மன் கோயில் வாசல் எங்கும் யாரும் நட்டு வளர்க்காமல் தானாக நிற்கும் மரம் வேம்புதான். ஆடியில் அம்மனுக்குக் குழை, அம்மை கண்ட வீட்டு வாசலுக்குக் கொத்து, வெள்ளாட்டுக்குத் தழை, தானியக் குதிருக்குக் காய்ந்த இலை, வயலுக்குப் புண்ணாக்கு, கோடையில் கொட்டை பொறுக்கி விற்கும் பெண்களுக்குக் கைச்செலவுக் காசு என்று அது தருவதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் இல்லை.

'பனி கருக்கிவிட்டது' என்பது மரத்தடியில் கேட்கும் விளக்கம். பருவத்தைப் பொறுத்தவரை அது சரிதான்; காரணம் வேறு. 2021-22 பனிக்காலத்தில் தெலங்கானாவில் வேம்பு பெருவாரியாகக் கருகியபோதும், அதையொட்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே காட்சி தெரிந்தபோதும், வேளாண் அறிவியலாளர்கள் இரண்டு பெயர்களைச் சொன்னார்கள். ஒன்று, தேயிலைக் கொசு என்று வழங்கும் ஒரு நாவாய்ப்பூச்சி. மற்றது, போமாப்சிஸ் அசாடிரக்டே என்ற பூஞ்சை. தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத சமவெளியில் தேயிலையின் பெயரைச் சுமந்து நிற்கிற இந்தப் பூச்சி எது, எங்கிருந்து வந்தது, அதைப்பற்றி இதுவரை அறிந்தவை என்ன என்பதை ஒருசேரப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பூச்சியை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பயிருக்கு உரிமையாளர் இருந்த இடத்தில்தான் ஆராய்ச்சி திரண்டது. தேயிலைக்குத் தோட்ட முதலாளி, கோகோவுக்குத் தோட்டக்காரர், முந்திரிக்குக் கழகம். வேம்புக்கு யாரும் இல்லை. இன்று கீழ்பென்னாத்தூரில் நிற்பவருக்குத் தேவையான பதில்கள் சிதறிக் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் குடும்பம். இந்தப் பூச்சி மிரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நாவாய்ப்பூச்சிகளிலேயே மிகப் பெரிய குடும்பம் அது; 11,000-க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் உழவருக்குப் பழக்கமான கதிர்நாவாய்ப்பூச்சி இதில் வராது, அது வேறு குடும்பம். ஆனால் நெல் வயலில் மிரிடே இல்லாமல் இல்லை. புகையானின் முட்டைகளைத் தேடிக் குடிக்கும் பச்சை மிரிட் பூச்சி, சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ், இதே குடும்பம்தான். அது உழவனின் கூலி வாங்காத ஆள். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, கிரியான்டியேடஸ் பைசெராடென்ஸ், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடகத்து பி.டி. பருத்தியில் திடீரெனப் பெருகிப் பூவையும் பிஞ்சையும் உதிர்த்தது. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து குறைந்ததும் அதுவரை அடங்கிக் கிடந்தது தலைதூக்கியது. ஒரே குடும்பத்தில் காவலும் உண்டு, களவும் உண்டு. எனவே 'மிரிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எதையும் தீர்மானிக்க முடியாது. பேரினத்துக்கும் இனத்துக்கும் போயாக வேண்டும்.

பேரினத்தின் பெயர் ஹெலோபெல்டிஸ். 1858-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் விக்டர் சிக்னோரே இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு அதை நிறுவினார். அவர் விவரித்த இனம் ஹெலோபெல்டிஸ் அன்டோனி. இன்று நம் வேம்பில் இருப்பதும் அதுவே. ஆக, இது வெளியிலிருந்து வந்து இறங்கிய பூச்சி அல்ல; தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த நிலம். 1886-இல் லண்டனில் சார்லஸ் வாட்டர்ஹவுஸ் தேயிலையைத் தாக்கும் தீவோராவையும் ஜாவாவின் பிராடியையும் விவரித்தார். 1907-இல் ஹெரால்ட் மான் சின்கோனே என்ற இனத்தைச் சேர்த்தார். டிஸ்டன்ட் எழுதிய 'பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள்' வரிசையில், 1904-இல் வந்த தொகுதியில், இந்தக் கூட்டத்துக்கு இடம் கிடைத்தது.

ஆனாலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு குழப்பம் நீடித்தது. எந்த நாட்டில் எந்தச் செடியில் தலை கறுத்த, உடல் ஒடுங்கிய பூச்சி கிடைத்தாலும் அதற்கு அன்டோனி என்றோ தீவோரா என்றோ பெயர் வைத்துவிடுவார்கள். 1991-இல் கேரி ஸ்டோன்டால் கீழைநாட்டு இனங்களை முழுவதும் மறுபரிசீலனை செய்து வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் குழப்பத்தைக் களைந்தது. பேரினத்தில் 41 இனங்கள். அவற்றில் 26 ஆசியாவிலும் ஆஸ்திரேலியப் பகுதியிலும், 15 ஆப்பிரிக்காவில். அமெரிக்கக் கண்டத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே கோகோவைத் துளைக்கும் மொனலோனியன் என்ற ஒன்றுவிட்ட உறவுதான் இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து அன்டோனி என்று வந்த பதிவுகளில் பல வேறு இனங்களுடையவை என்பதும் அப்போதுதான் தெளிந்தது. தென்னிந்திய முந்திரியில் அன்டோனி, தீவோரா ஆகியவற்றோடு பிராடியும் இருக்கிறது என்பது 1990-களில்தான் உறுதியானது. அதுவரை மூன்றையும் ஒன்றாக எண்ணிய கணக்குகள் எத்தனையோ.

இதை வெறும் பெயர்ச் சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜாவாவில் ஒருவர் அன்டோனி என்று எழுதி வைத்த முட்டைக் கணக்கையும் ஆயுள் கணக்கையும் எடுத்து இங்கே மருந்தடிக்கும் நாளைக் குறித்தால், நாள் தவறும். இனம் பிரிப்பது கண்ணுக்கு எளிதல்ல என்பதும் உண்மை. அன்டோனிக்குப் பொதுவாகக் கறுத்த தலை, செம்மையான மார்பு, கறுப்பும் வெள்ளையுமான வயிறு. தீவோராவின் வயிற்றில் பச்சை கலந்திருக்கும். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் மாறும், பருவத்துக்குப் பருவமும் மாறும். ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பைப் பார்த்துத்தான் ஸ்டோன்டால் பிரித்தார். இப்போது மரபணுத் துணுக்கை வைத்தும் பிரிக்கிறார்கள்.

பேரினத்தை அறிந்துகொள்வது மட்டும் எளிது. முதுகில், மார்புக்குப் பின்னே இருக்கும் சிறு கேடயத்தின் நடுவில் குண்டூசி ஒன்றைக் குத்தி வைத்தது போன்ற முள் செங்குத்தாக நிற்கும், அதன் தலை சற்றே உருண்டிருக்கும். கைலென்ஸ்கூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். பூச்சியின் நீளம் 6 முதல் 8 மி.மீ. நீண்ட கால்கள், உடலைவிட நீண்ட உணர்கொம்புகள். பறக்கையில் கொசுவின் சாயல் தெரிவதால் தோட்டக்காரர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். மனிதரைக் கடிப்பதில்லை.

அது வாழும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மரம் கருகுவதன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பெண்பூச்சி முட்டையை இலைமேல் ஒட்டி வைப்பதில்லை. இளந்தண்டிலோ இலைக்காம்பிலோ நடுநரம்பிலோ கீறி உள்ளே செருகிவிடும். வெளியே தெரிவது மயிர்போன்ற இரண்டு வெள்ளை இழைகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. முட்டை அவற்றின் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து, செம்மஞ்சள் நிறத்தில் எறும்பை ஒத்த குஞ்சு வெளிவரும். ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாகும். வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். குஞ்சும் தாயும் தின்பது ஒன்றையே: மெத்தென்ற இளந்தளிர். முற்றிய தண்டிலும் முற்றிய இலையிலும் அதற்கு வேலை இல்லை.

அது சாற்றை உறிஞ்சும் முறை அசுவினியின் முறையல்ல. அசுவினி குழாய்க்குள் ஊசியைச் செலுத்தி, செடிக்கே தெரியாத மாதிரி நாள்முழுக்கக் குடிக்கும். ஹெலோபெல்டிஸோ ஊசிவாயைத் திசுவுக்குள் செலுத்தி முன்னும் பின்னும் அசைத்துச் செல்களைக் கிழித்து, உமிழ்நீரைப் பாய்ச்சிக் கூழாக்கி, அந்தக் கூழைக் குடிக்கும். உமிழ்நீரில் இருக்கும் நொதிகள் பூச்சி எழுந்து போன பிறகும் வேலை செய்யும். குத்திய இடம் முதலில் நீர்க்கோத்ததுபோல் இருக்கும், பிறகு கறுத்து வட்டப் புள்ளியாகும். ஒரு பூச்சி ஒரே நாளில் நூற்றுக்கும் அதிகமான புள்ளிகளை இடக்கூடும். தேயிலையில் இலை சுருண்டு கொழுந்து வாடும். முந்திரியில் தளிரும் பூங்கொத்தும் கருகும். வேம்பில் தண்டில் பிசின் கசிந்து நுனி சாயும். எனவே பூச்சியின் எண்ணிக்கை குறைவாகவும் சேதம் மிக அதிகமாகவும் இருக்கிறது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குப் பூச்சியே அகப்படாது. அது வெயிலில் ஒளிந்து, காலையிலும் மாலையிலும் மேயும். அதனால் பழி பனியின்மேல் போய்விடுகிறது.

ஆராய்ச்சியின் வரலாறு தேயிலையில் தொடங்குகிறது. அசாமில் தோட்டம் வைத்திருந்த பீல் என்பவர் 1873-இலேயே தேயிலைப் பூச்சியைப் பற்றி எழுதிவிட்டார். இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியலாளராக இருந்த மான் அதைத் தொடர்ந்தார். பிறகு வந்த ஆண்ட்ரூஸ் 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் ஒரு புதிய கேள்வி கேட்டார். ஒரே தோட்டத்தில் சில பகுதிச் செடிகள் ஆண்டுதோறும் அடிபட, பக்கத்துச் செடிகள் ஏன் தப்பிக்கின்றன? மண்ணில் பாஸ்பாரிக் அமிலத்தோடு ஒப்பிடச் செடிக்குக் கிடைக்கும் பொட்டாஷ் கூடுதலாக இருந்தால் செடி தாங்குகிறது என்று அவர் வாதிட்டார். பின்னால் வந்த பூச்சிக்கொல்லிக் காலம் இந்தக் கேள்வியை ஓரங்கட்டிவிட்டது. எனக்கு அது இன்றும் மிக நல்ல கேள்வியாகத் தோன்றுகிறது. ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் வேம்புகளில் ஒன்று கருக, அடுத்தது பச்சையாக நிற்பதைப் பார்க்கிற எவரும் அதைக் கேட்கத்தான் செய்வார்கள்.

தமிழ்நாட்டுத் தேயிலையில் ஆனைமலை, கூடலூர்ப் பக்கங்களில் இந்தப் பூச்சி நெடுங்காலமாகத் தொல்லை. வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது: தீவோராவின் பெண்பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணத்தின் கூறுகளை அவர்கள் இனங்கண்டார்கள். பச்சிலையை நசுக்கினால் எழும் மணத்தைச் சேர்ந்த இரண்டு எளிய சேர்மங்கள் அவை. அந்த வழியில் பொறி வைக்கும் முயற்சிக்கு அது வாசல் திறந்தது. வடக்கே டுவார்ஸ் தேயிலைப் பகுதியில் நிலைமை வேறு. திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்ததில் தீவோராவுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டதை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கோகோவின் கதையில் மருந்தே இல்லாத ஒரு வழி பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவின் தோட்டக்காரர்கள், மரத்தில் கறுப்பு எறும்பு குடியிருந்தால் ஹெலோபெல்டிஸ் அண்டுவதில்லை என்று கண்டார்கள். டாலிகோடெரஸ் தொராசிகஸ் என்ற அந்த எறும்பு தங்க வேண்டுமானால் அதற்குத் தேன்கழிவு தரும் மாவுப்பூச்சி வேண்டும். எனவே மாவுப்பூச்சியையும் எறும்பையும் சேர்த்தே மரத்துக்கு மரம் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். ஒரு சிறு தொல்லையை ஏற்றுக்கொண்டு பெருந்தொல்லையை நீக்கும் கணக்கு. 1990-களில் வட ஆஸ்திரேலியாவின் முந்திரித் தோப்புகளில் முசுறு எறும்பை வைத்து இதே வேலையைச் செய்து காட்டினார்கள். அங்கே எதிரி ஹெலோபெல்டிஸ் பெர்னிசியாலிஸ், 1995-இல்தான் பெயர் பெற்ற இனம். இலைகளைப் பட்டுநூலால் பின்னிக் கூடு கட்டும் அந்த முசுறை நம் மாந்தோப்புகளில் கடிபட்ட எவரும் மறக்கமாட்டார்.

இனி முந்திரி. அன்டோனியின் சேதம் எழுத்தில் மிகுதியாகப் பதிவானது இங்கேதான். தேவசகாயமும் ராதாகிருஷ்ணன் நாயரும் 1986-இல் எழுதிய தொகுப்புரை இன்றும் அடிப்படை. மேற்குக் கடற்கரையில் மழை ஓய்ந்து முந்திரி தளிர்விடும் ஐப்பசியில் பூச்சி வந்து, பூவும் பிஞ்சும் இருக்கும் மாசி வரை இருக்கும். விளைச்சலில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை போகலாம். நம் பக்கம் பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம் முந்திரிக்காடுகளிலும் இருக்கிறது. மேற்கில் உள்ள அளவுக்குக் கொடுமை இல்லை. விருத்தாசலத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் முந்திரியையும் ஆராய்கிறது. கர்நாடகத்தின் புத்தூரிலுள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகம் வெளியிட்ட பாஸ்கரா என்ற ரகம், பூக்கும் காலம் தள்ளிப்போவதால் பூச்சியின் உச்சப் பருவத்திலிருந்து தப்புகிறது. எதிரியைக் கொல்லாமல், அது வரும் வேளையில் வீட்டில் இல்லாமல் இருப்பது போன்ற அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் முந்திரியின் பெயரைச் சொன்னால் காசர்கோட்டைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கேரளத் தோட்டக் கழகம் அங்கே 4,000 ஹெக்டேருக்கும் மேல் முந்திரி வைத்திருந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, இந்தப் பூச்சிக்காக, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். தோட்டம் குன்றுகளின்மேல், மக்கள் குன்றுகளின் அடிவாரத்தில், குடிநீர் அந்தக் குன்றுகளிலிருந்தே ஊற்றாக இறங்கும் சுரங்கங்களில். எண்மகஜே ஊராட்சியின் பத்ரேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் மூளை வளர்ச்சி குன்றிய, உடல் திரிந்த குழந்தைகள் பிறப்பதை அங்கிருந்த மருத்துவர் கவனித்துச் சொல்லத் தொடங்கினார். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே வந்து ஆய்வு செய்தது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானை உலக அளவில் ஒழிக்கும் பட்டியலில் சேர்த்தது. அடுத்த மாதம், மே 13 அன்று, உச்சநீதிமன்றம் இந்தியாவில் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பூச்சியை முன்னிட்டு இது நடந்தது. இனி எவரும் தேயிலைக் கொசுவுக்கு உயரமான மரங்களில் மருந்து தெளிப்பதைப் பற்றிப் பேசும்போது காசர்கோட்டைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேம்பு வயலோரத்தில் மட்டும் நிற்பதில்லை. வீட்டு வாசலில், பள்ளிக்கூடத் திடலில், கிணற்றடியில், குடிநீர்த் தொட்டிக்கு மேலே நிற்கிறது.

மற்றப் பயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொய்யாக் காயில் சொறிபோன்ற தடிப்பு வருவதும் அன்டோனியால்தான் என்று மைசூரில் புட்டருத்ரையா 1952-இல் எழுதினார். அங்கே அதற்குக் 'கஜ்ஜி' என்று பெயர். முருங்கையில் அதன் தாக்குதல் 1970-களின் இறுதியில் பதிவானது. ஆப்பிரிக்காவில் ஷூட்டடெனி பருத்தியையும் தேயிலையையும், அனகார்டி முந்திரியையும் தாக்குகின்றன. கீழ்பென்னாத்தூர்க்காரர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தோட்டத்துக் கொய்யாவும் கொல்லைப்புற முருங்கையும் வாசல் வேம்பும் ஒரே பூச்சிக்கு ஒரே வீட்டின் மூன்று அறைகள். ஒன்றில் தளிர் முற்றினால் அது இன்னொன்றுக்குப் போகும்.

இப்போது வேம்புக்கு வருவோம். அன்டோனி வேம்பில் முட்டையிட்டுப் பெருகுகிறது என்பது பூச்சியியலாளருக்குப் பழைய செய்தி. வடகிழக்குப் பருவமழை முடிந்து மரம் புதிதாகத் துளிர்க்கும், இரவு குளிரும், காற்றில் ஈரம் இருக்கும். பூச்சிக்கு வேண்டியவை மூன்றும் ஒருங்கே கிடைப்பது கார்த்திகை முதல் மாசி வரை. பங்குனி வெயில் ஏறியதும் பூச்சி குறைந்துவிடும். மரம் மறுபடி தழைத்துப் பூக்கும். வேப்பங்கொட்டைச் சாற்றைப் பூச்சிமருந்தாக அடிக்கிற நமக்கு, வேம்பையே ஒரு பூச்சி தின்பது விந்தையாகப் படலாம். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அசாடிரக்டின் கொட்டையில் செறிந்து கிடக்கிறது. இந்தப் பூச்சி மேய்வது வாரங்கூட ஆகாத தளிரை. காப்பு இருக்கும் இடம் ஒன்று, அடி விழும் இடம் வேறு.

பூஞ்சையின் கதை தனி. மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997-இல் போமாப்சிஸ் அசாடிரக்டேயை வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமான புதிய இனமாக விவரித்தார்கள். அது மழையோடு பரவும். காய்ந்த குச்சியின் பட்டையில் மிளகுத்தூளைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகளாகத் தன் வித்துப் பைகளை வைக்கும். நுனியோடு நிற்காமல் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். பழத்தையும் அழுகச் செய்யும், விதை வழியாக அடுத்த கன்றுக்கும் போகும். பூச்சி குத்திய மரம் பங்குனியில் எழுந்து நின்றுவிடும். பூஞ்சை புகுந்த மரம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

ஆகவே 'பூச்சியா பூஞ்சையா' என்ற வாதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வது பயன் தராது. ஊசிவாய் குத்திய புண் பூஞ்சைக்கு வாசல். முந்திரியிலேயே இதைக் கண்டிருக்கிறார்கள்: பூச்சி குத்திய தளிரில் பூஞ்சைகள் நுழைந்து கருகலை முடித்து வைக்கின்றன. ஆனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும் என்பதும் இல்லை. ஒரு மரத்தில் எது முதன்மை என்று மரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பார்ப்பதற்கு வழி உண்டு. கருகத் தொடங்கிய, இன்னும் பாதி பச்சையாக இருக்கிற நுனியை ஒடித்துப் பாருங்கள். தண்டில் தனித்தனியான கறுத்த புண்களும் பிசின் துளியும் இருந்து, காம்பருகே இரட்டை வெள்ளிழை நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி. விடியற்காலையில் ஒரு தாழ்ந்த கிளையை வெள்ளைத் துணியின் மேல் தட்டினால் முதுகில் முள்ளுள்ள பூச்சியோ செம்மஞ்சள் குஞ்சோ விழும். போன ஆண்டே காய்ந்த குச்சியில் கறுப்புப் புள்ளிகள் இருந்து, கருகல் மழைக்காலத்திலேயே தொடங்கியிருந்தால் பூஞ்சை. மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகிப் பரவலாக உதிர்ந்து, குச்சி பச்சையாகவே இருந்தால் அது நோயே அல்ல. வேம்பின் இயல்பான இலையுதிர்வு.

செய்ய வேண்டியவற்றில் என் நிலைப்பாடு இது. வளர்ந்த மரத்துக்கு மருந்து தெளிக்க வேண்டாம். கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் கலந்து அடிக்கும் பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நாற்றங்காலுக்கும் இடுப்பளவுக் கன்றுக்கும் அது பொருந்தலாம். நாற்பதடி மரத்தின் உச்சிக் கொழுந்துக்கு மருந்தைக் கொண்டுபோக நினைத்தால் பாதி காற்றில் போகும், மீதி அடியில் கட்டியிருக்கும் ஆட்டின்மேல் விழும். அதைவிட முக்கியம், பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் டெலினோமஸ், எரித்மெலஸ் போன்ற நுண்குளவிகளும், குஞ்சைக் குத்திக் குடிக்கும் கொலைநாவாய்களும், சிலந்திகளும், எறும்புகளும் அதே மரத்தில்தான் இருக்கின்றன. மருந்து அவற்றையும் எடுத்துவிடும். முசுறு உள்ள தோப்புகளில் கூட்டைக் கலைக்காமல் விட்டுவைப்பதே பெரிய உதவி. வேம்பு ஒரு கருகலில் சாகிற மரம் அல்ல. கோடைவரை பொறுத்திருந்து பார்த்தால் பெரும்பாலான மரங்கள் தாமே பதில் சொல்லிவிடும்.

பொறுத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பது அல்ல. துளிர் வரும் முன், கோடையில், காய்ந்த குச்சிகளைப் பச்சைப் பகுதி சற்றுச் சேர வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதை மரத்தடியிலேயே குவித்தால் அடுத்த மழையில் பூஞ்சையின் வித்துகள் அதிலிருந்தே தெறிக்கும்; அன்றே எரித்துவிட வேண்டும். இதற்குத் தெருவுக்கு ஒரு தொரட்டியும் ஊராட்சியின் நூறு நாள் வேலை ஆட்களில் சிலரும் போதும். கணக்கு எடுப்பதும் கடினமல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் வாழவச்சனூரில் 2014 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஏரிக்கரைகளைத் தேர்ந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, கார்த்திகையிலிருந்து மாசிவரை எந்த மரம் எந்த வாரம் கருகியது, எது பங்குனியில் எழுந்தது, எது எழவில்லை, அடியில் மண் எப்படி என்று மாணவர்கள் ஆண்டுதோறும் குறித்து வந்தால், ஆண்ட்ரூஸ் தேயிலையில் கேட்ட கேள்விக்கு வேம்பில் விடை கிடைக்கத் தொடங்கும். அடிபடாத மரங்களும் அந்தக் கணக்கில் அகப்படும்.

விதைக்கு வேண்டியவை அந்த மரங்கள்தான். வேப்பங்கொட்டை சில வாரங்களுக்குமேல் முளைப்புத் திறனைத் தாங்காது. ஆனியிலும் ஆடியிலும் பழம் பொறுக்கிய கையோடு நாற்றுப் போட வேண்டும். சாலையோரத்துக்கும் பள்ளிகளுக்கும் கன்று வளர்க்கும் நாற்றங்கால்கள் இப்போது எந்த மரத்தடியில் அதிகம் கிடைக்கிறதோ அங்கே பொறுக்குகின்றன. நுனி கருகிய மரத்தின் பழத்தை விட்டு, ஆண்டாண்டாகப் பச்சை குலையாமல் நிற்கும் மரத்தின் பழத்தை மட்டும், அதுவும் தரையில் அழுகியதை விலக்கி மரத்திலிருந்தே பறித்து, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். அதற்குப் புதிய கருவியோ மருந்தோ தேவையில்லை. எந்த மரம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.